அப்பாவின் பெயரில் ஒரு தடை: சிங்கப்பூரில் சூதாட்டத் தடையாணை எடுப்பது எப்படி

உங்கள் வீட்டில் ஒருவர் மரீனா பே சூதாட்டக்கூடத்துக்கோ செந்தோசா சூதாட்டக்கூடத்துக்கோ அடிக்கடி போய்வருகிறார், சம்பளமும் சேமநிதியும் அங்கே கரைகின்றன என்றால், சண்டை போடுவதைத் தவிரவும் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. அவர் அந்தக் கதவைத் தாண்டவே முடியாதபடி சட்டப்படி தடுக்கலாம். அவரே தன் பெயரில் தடை போட்டுக்கொள்ளலாம். மறுத்தால் குடும்பம் போடலாம். எங்கள் வீட்டில் இரண்டும் நடந்திருக்கிறது. தம்பி தானாகப் போட்டுக்கொண்டான். அப்பாவுக்கு நான் போட்டேன்.

நான் வக்கீல் இல்லை, ஆலோசகரும் இல்லை. துவாஸ் பக்கம் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் கம்பெனியில் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். அங்கே வேலை செய்யும் ஊர்ப் பையன்கள் சிலருக்கும் இந்த விண்ணப்பத்தில் உதவியிருக்கிறேன். அதனால் படிவத்தில் எழுதாத சில விஷயங்களும் தெரியும். அவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

லைசென்ஸ் எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்காது

2005 ஏப்ரலில் அரசாங்கம் சூதாட்டக்கூடத்தோடு சேர்ந்த இரண்டு ஒருங்கிணைந்த உல்லாசத் தலங்களுக்கு அனுமதி தந்தது. சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்தையும் அதே ஆண்டில் அமைத்தார்கள். 2006-இல் சூதாட்டக்கூடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. செந்தோசா கூடம் 2010 பிப்ரவரி 14 அன்று திறந்தது, சீனப் புத்தாண்டு முதல் நாள். மரீனா பே சேண்ட்ஸ் அதே ஆண்டு ஏப்ரல் 27. கூடம் வருவதற்கு முன்பே பிரச்சினை வரும் என்று அரசாங்கத்துக்குத் தெரிந்திருந்தது என்பதை இந்த வரிசையே சொல்கிறது. அது ஒரு வகையில் நல்லதுதான், நமக்குக் கருவிகளும் சேர்ந்தே கிடைத்தன.

சூதாட்டக்கூடம் நடத்த லைசென்ஸ் எடுத்தவருக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. கூடத்துக்குள் ஏடிஎம் வைக்கக்கூடாது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கடனுக்கு ஆட விடக்கூடாது, ஒரு லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) முன்பணம் கட்டும் பெரும்புள்ளிகள் தவிர. 21 வயதுக்குக் கீழே உள்ளவரை விடக்கூடாது. உள்ளூர்க்காரரை இழுக்கும் விளம்பரம் கூடாது. ஆரம்பத்தில் குடியிருப்புப் பேட்டைகளுக்கு இலவச பஸ் விட்டார்கள், அதையும் 2010-லேயே நிறுத்த வைத்தார்கள். இதையெல்லாம் 2022 ஆகஸ்ட் 1 முதல் சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையம் பார்க்கிறது.

ஆனால் லைசென்ஸ் புதுப்பிப்பில் எதை எடைபோடுகிறார்கள் என்றும் பாருங்கள். வழக்கமாக மூன்று ஆண்டுக்குப் புதுப்பிப்பார்கள். செந்தோசாவுக்கு 2025-இல் இரண்டே ஆண்டுதான் கிடைத்தது. காரணம், சுற்றுப்பயணிகளை ஈர்க்கும் இடம் என்ற வகையில் அதன் செயல்பாடு போதவில்லை என்று மதிப்பீட்டுக் குழு சொன்னது. இதில் தப்பு ஒன்றுமில்லை, அதற்காகத்தானே அனுமதி கொடுத்தார்கள். யீஷூனில் ஒரு கிழவர் மனைவியின் கிளினிக் பணத்தை எடுத்துக்கொண்டு போனாரா என்பது அந்த மதிப்பீட்டில் எங்கும் வராது. அதைப் பார்ப்பதற்கு வீட்டு மனிதர்களை விட்டால் ஆள் கிடையாது.

‘அவரவர் பொறுப்பு’ என்று எல்லோரும் சுலபமாகச் சொல்கிறார்கள். நானும் அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பொறுப்பை மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, தோற்ற பணத்தைத் துரத்திக்கொண்டிருப்பவரிடம் இரவு இரண்டு மணிக்குக் கேட்பதில் அர்த்தமில்லை. காலையில், வீட்டில், கையில் காப்பி இருக்கும்போது கேட்க வேண்டும். தடை விண்ணப்பம் என்பது அந்தக் காலை நேரத்து மனிதர் இரவு நேரத்து மனிதருக்குப் போடும் பூட்டு.

நுழைவுக் கட்டணத்தை நம்பாதீர்கள்

குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போக 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும். ஆண்டு முழுக்க என்றால் 3,000 வெள்ளி. 2019 ஏப்ரலில் உயர்த்தும் வரை இது 100, 2,000 என்று இருந்தது. ஒரு கட்டணம் ஒரு கூடத்துக்கு மட்டும் செல்லும். இந்தப் பணம் கூடத்துக்குப் போவதில்லை, டோட் போர்டு என்ற அரசாங்க வாரியம் வழியாகச் சமூகப் பணிகளுக்குப் போகிறது.

எப்போதாவது வேடிக்கை பார்க்கப் போகிறவரை இந்தக் கட்டணம் நிச்சயம் தடுக்கும். என் அத்தை வீட்டில் அதைக் கேட்டதுமே போகும் பேச்சையே விட்டுவிட்டார்கள். பழகிப்போனவருக்கு அது வேறு மாதிரி வேலை செய்கிறது. ‘150 கட்டிவிட்டேன், அதையாவது எடுக்காமல் எப்படி வருவது’ என்பார் அப்பா. ஆண்டுக் கட்டணம் இன்னும் மோசம். 20 தடவை போனால் 3,000 சரியாகிவிடும், அதற்குமேல் போவதெல்லாம் இலவசம் என்று அவர் காலண்டரில் கணக்குப் போட்டார். உங்கள் வீட்டில் யாராவது ஆண்டுக் கட்டணம் கட்டியிருப்பது தெரிந்தால் அதற்குமேல் சான்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

எந்த வழி யாருக்கு

தானே போட்டுக்கொள்ளும் தடை ஒன்று. குடும்பம் கேட்டு வாங்கும் தடையாணை ஒன்று. இவை இரண்டும் இல்லாமல், மாதத்துக்கு இத்தனை தடவைக்கு மேல் நுழைய முடியாது என்று வரம்பு வைத்துக்கொள்ளும் ஏற்பாடும் இருக்கிறது. அதை அவரும் கேட்கலாம், குடும்பமும் கேட்கலாம்.

வரம்பைப் பற்றி என் எண்ணம்: ‘குறைத்துக்கொள்கிறேன்’ என்று சொல்லி உண்மையிலேயே குறைக்கக்கூடியவருக்கு அது போதும். கடன் வாங்கி ஆடத் தொடங்கியவருக்கு அது நேரத்தைத் தள்ளிப்போடும் வழி மட்டும்தான். மாதம் இரண்டு தடவை என்றால் அந்த இரண்டு தடவையிலும் எல்லாவற்றையும் வைத்து ஆடிவிட்டு வருவார்.

சிலருக்கு யாரும் விண்ணப்பிக்கத் தேவையே இல்லை, சட்டமே தடுத்துவிடுகிறது. திவாலாகி அதிலிருந்து விடுபடாதவர்கள், அரசாங்கத்தின் சமூக உதவித்தொகை பெறுகிறவர்கள், சட்ட உதவி பெறுகிறவர்கள், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வாடகை வீட்டில் ஆறு மாதம் வாடகை பாக்கி வைத்திருப்பவர்கள் இதில் வருவார்கள். உங்கள் ஆள் இதில் ஒருவர் என்றால் அந்தத் தலைவலி மிச்சம்.

தானே போட்டுக்கொள்ள

இதுதான் எல்லாவற்றிலும் எளிது. சிங்பாஸ் (அரசாங்க இணைய அடையாளக் கணக்கு) இருந்தால் தேசிய மன்றத்தின் இணையப் பக்கத்தில் உள்ளே போய் விண்ணப்பிக்கலாம், உடனே நடப்புக்கு வந்துவிடும். காசு கிடையாது, ஏன் என்று யாரும் குடைந்து கேட்கவும் மாட்டார்கள். மனம் மாறினால் ரத்து கேட்கலாம், ஆனால் குறைந்தது ஓராண்டு ஆக வேண்டும். அந்த ஓராண்டுதான் இதன் பலமே.

சூதாட்டக்கூடத்துக்கு மட்டும் போட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். கிளப்புகளில் இருக்கும் ஜாக்பாட் (சூதாட்ட இயந்திர) அறைக்கும், சட்டப்படி லாட்டரி நடத்தும் சிங்கப்பூர் பூல்ஸின் இணையக் கணக்குக்கும் சேர்த்தே தடை போடலாம். ஒன்றை மட்டும் பூட்டினால் ஆள் அடுத்ததற்கு நகர்வார். தம்பிக்கு ஜாக்பாட் மேல் அவ்வளவு ஆசை கிடையாது, இருந்தாலும் எல்லாவற்றையும் போடச் சொன்னேன்.

எப்போது கேட்பது என்பதில்தான் சாமர்த்தியம். பெரிதாகத் தோற்றுவிட்டு வந்த மறுநாள் சத்தியம் செய்வார்கள். அம்மா மேல் சத்தியம், பிள்ளை மேல் சத்தியம், சமயபுரத்தம்மன் மேல் சத்தியம். சத்தியம் வாயில் இருக்கும்போதே போனைக் கையில் கொடுங்கள். தம்பி காப்பிக்கடையில் உட்கார்ந்து அழுதபோது நான் சொன்னது இதுதான்: “அம்மா மேல சத்தியம் வேணாம்டா, சிங்பாஸைத் திற.” ஒரு நிமிடம் முறைத்தான். அப்புறம் திறந்தான். ஒரு வாரம் கழித்துக் கேட்டிருந்தால், ‘இனி போகப் போவதில்லையே, எதற்கு அதெல்லாம்’ என்றிருப்பான்.

ஒரு எச்சரிக்கை. அவர் தூங்கும்போது அவருடைய சிங்பாஸை எடுத்து நீங்களே அழுத்தாதீர்கள். சட்டப்படி தவறு, தவிர நாளைக்கு அவர் உங்களை நம்பி ஒரு கடன் கடிதத்தைக்கூடக் காட்ட மாட்டார்.

குடும்பத் தடையாணை

இது கொஞ்சம் நீளமான வேலை. கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் விண்ணப்பிக்கலாம். மாமா, மச்சான், மருமகன் எல்லாம் எவ்வளவு அக்கறை இருந்தாலும் ஒதுங்கி நிற்க வேண்டியதுதான்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது, யார் பெயரில் விண்ணப்பம் என்பதை. பெரும்பாலும் அம்மாவையே முன்னால் தள்ளுகிறார்கள், பாதிக்கப்பட்டவர் அவர் என்பதால். நான் அப்படிச் செய்யவில்லை. அம்மா அவரோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டும், ஒரே மேசையில் சாப்பிட வேண்டும். விண்ணப்பம் போட்டவர் யார் என்பது அவருக்குத் தெரியத்தான் போகிறது, ஏனென்றால் அவர் தரப்பையும் கேட்பார்கள். அவர் கோபித்துக்கொண்டு ஆறு மாதம் பேசாமல் இருந்தாலும் தாங்கக்கூடியவர், முடிந்தால் வேறு வீட்டில் இருப்பவர் போடுவது நல்லது. நான் செங்காங்கில் இருக்கிறேன், அதனால் நான் போட்டேன். அப்பா என்னோடு பேசாமல் இருந்த காலத்திலும் அம்மா சமைத்த மீன்குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அடுத்தது தாள்கள். இந்த ஆணைக்கு அளவுகோல் அவர் எவ்வளவு ஆடினார் என்பது இல்லை, அவர் ஆட்டத்தால் குடும்பத்துக்கு என்ன கேடு வந்தது என்பதுதான். பணக்காரர் ஒருவர் ஒரு இரவில் பத்தாயிரம் தோற்றும் வீட்டில் யாருக்கும் குறை இல்லை என்றால் அந்தக் குடும்பத்துக்குக் காட்ட ஒன்றுமில்லை. ஆகவே அந்தக் கேட்டைக் காட்டும் தாளைச் சேருங்கள். நகர மன்றத்திலிருந்து வந்த பராமரிப்புக் கட்டண நிலுவைக் கடிதம். மின்சாரக் கட்டண நினைவூட்டல். அடகுக்கடை ரசீதுகள். எங்களுக்கு இதுதான் பெரிய சான்று, அம்மாவின் இரட்டைவடச் சங்கிலி மூன்று தடவை உள்ளே போய் வெளியே வந்த கதை அந்த ரசீதுகளில் தேதியோடு இருந்தது. கடன் கொடுத்த நிறுவனங்களின் கடிதம், வங்கிக் கணக்கில் ஒரே இரவில் பல தடவை பணம் எடுத்த பக்கம். இவற்றோடு ஒரு நோட்டுப்புத்தகமும் போடுங்கள். தேதி, எவ்வளவு, என்ன சொல்லி வாங்கினார், வீட்டில் எது நின்றது. அவ்வளவுதான்.

எழுதும்போது பெயரடைகளை விட்டுவிடுங்கள். ‘பொறுப்பில்லாதவர்’, ‘பொய்யர்’ என்று எழுதினால் படிப்பவருக்கு உங்கள் கோபம்தான் தெரியும். ‘மார்ச் மாதம் சேமநிதிப் பணம் வந்த அன்று மாலையே 700 வெள்ளி எடுத்தார், அந்த மாதம் அம்மாவின் நீரிழிவு மாத்திரைக்கு நான் பணம் கொடுத்தேன்’ என்று எழுதினால் குடும்பத்தின் நிலை தெரியும். சம்பளக் கணக்கு எழுதிப் பழகிய எனக்கு இது சுலபமாக இருந்தது. என் அக்கா எழுதியிருந்தால் நாலு பக்கம் கண்ணீர்தான்.

விண்ணப்பம் போட்ட பிறகு மதிப்பீட்டாளர் குழு ஒன்று இரண்டு தரப்பையும் கேட்கும். நிலைமை அவசரம் என்று தோன்றினால் இறுதி முடிவு வரும்வரை தற்காலிகத் தடையும் போட முடியும். அவசரம் இருந்தால் அதைத் தனியாக, தெளிவாகச் சொல்லுங்கள்: வீடு விற்ற பணம் வரப்போகிறது, 55 வயது நிறைந்து சேமநிதியில் ஒரு தொகை எடுக்கப்போகிறார், இப்படி. கேட்பவர்கள் போலீசும் இல்லை, நீதிபதியும் இல்லை. நிதானமாகத்தான் கேட்டார்கள். குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவார்கள் என்று நினைத்து அம்மா முந்தின இரவு தூங்கவே இல்லை. உங்கள் வீட்டிலும் அந்தப் பயம் இருந்தால் முன்கூட்டியே பேசித் தெளிவுபடுத்துங்கள்.

அப்பா சொன்ன வாதம் இது: துறைமுகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கிரேன் ஓட்டினேன், வெயிலிலும் மழையிலும். நான் சம்பாதித்த பணம். யாரிடமும் திருடவில்லை. அரசாங்கமே லைசென்ஸ் கொடுத்துத் திறந்து வைத்த இடத்துக்குத்தான் போனேன், கட்டணமும் கட்டினேன்.

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, இன்றைக்கும் கிடையாது. அவர் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. சட்டத்தை அவர் மீறவில்லை. நான் சொன்னது, “பணம் உங்களுடையதுதான்ப்பா. ஆனா அம்மாவோட சங்கிலி உங்களுடையது இல்ல.” குழுவில் இருந்தவர்கள் அதற்குமேல் என்னிடம் அதிகம் கேட்கவில்லை. ஆணை வந்தது. உங்கள் வீட்டிலும் இதே வாதம் கட்டாயம் வரும், ஏனென்றால் சட்டப்படி நடக்கும் சூதாட்டத்தில் ஆடுபவருக்கு வேறு வாதமே தேவையில்லை. அவருடைய உரிமையை மறுத்துப் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள். யாருடைய பங்கு போயிற்று என்பதை மட்டும் காட்டுங்கள்.

ஆணை வந்த மறுநாள் தொடங்குவது

தடை கதவைத்தான் மூடும். கையில் இருக்கும் பணம் வேறு கதவு தேடும். மாதாந்திர சேமநிதித் தொகை வரும் தேதியைத் தெரிந்துகொண்டு, மின்சாரம், நகர மன்றம், தொலைபேசி எல்லாவற்றையும் அதற்கு அடுத்த நாளே ஜைரோவில், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே, கழியும்படி வையுங்கள். ஏடிஎம்மில் ஒரு நாளைக்கு எடுக்கக்கூடிய தொகையைக் குறைக்க அவரைச் சம்மதிக்க வையுங்கள். அடகில் இருந்து மீட்ட நகையை அதே அலமாரியில் வைக்காதீர்கள்.

கடன் இருந்தால், அவர் கையில் மொத்தமாகப் பணம் கொடுத்து ‘போய் அடைத்துவிட்டு வாருங்கள்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் அந்தப் பணம் வழியில் திரும்பிவிடும். வங்கிக் கடன்கள் பல சேர்ந்திருந்தால் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்ற அமைப்பிடம் போய்த் தவணை ஏற்பாட்டைப் பற்றிக் கேளுங்கள். உரிமம் பெற்று வட்டிக்குக் கடன் கொடுப்பவர் மாதம் 4 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்க முடியாது, அதற்குமேல் கேட்டால் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

ஆலோங் (உரிமம் இல்லாத வட்டிக்காரர்) கதை வேறு. கதவில் சாயம் ஊற்றினால் போலீசைக் கூப்பிடுவதில் கூச்சம் வேண்டாம், அக்கம்பக்கத்தாருக்கு அதற்குள் தெரிந்திருக்கும். முக்கியமாக ஒன்று: கடனுக்கு ஈடாக ஏடிஎம் அட்டையையோ, சிம் அட்டையையோ, சிங்பாஸ் விவரத்தையோ ஆலோங்கிடம் கொடுக்கவே கூடாது. அதை வைத்து அவர்கள் மற்றவர் பணத்தை ஓட்டுவார்கள், குற்றம் அட்டை கொடுத்தவர் தலையில் விழும். கடனாளியாகப் போனவர் குற்றவாளியாகத் திரும்புவது இப்படித்தான்.

மனசுக்கு மருந்தும் தேவைப்படும். உதவி எண் 1800-6-668-668. மனநலக் கழகத்தில் இயங்கும் தேசிய அடிமைப்பழக்க நிர்வாகச் சேவையின் எண் 6732 6837. அப்பா போக மறுத்தார். முதலில் அம்மா போனார், பக்கத்துக் குடும்ப சேவை நிலையத்துக்கு. ஆடுகிறவர் வரவில்லை என்பதற்காக மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

பூட்டில் அடங்காதவை

கடையில் வாங்கும் 4டி (நான்கு இலக்க எண் லாட்டரி), டோட்டோ லாட்டரிச் சீட்டுக்குத் தடை கிடையாது. சிங்கப்பூர் பூல்ஸ் கடைக்கு யாரும் அடையாள அட்டையை நீட்டிவிட்டுப் போவதில்லை. கள்ளச்சூதாட்டத்துக்கு மாற்றாக 1968-இல் தொடங்கிய நிறுவனம், அந்த வேலையைச் செய்கிறது என்பதையும் மறுக்க முடியாது. அப்பாவோடு ஒருநாள் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். 4டியில் ‘பெரியது’ என்ற வகைச் சீட்டில் ஒரு வெள்ளிக்கு முதல் பரிசு 2,000, இரண்டாவது 1,000, மூன்றாவது 490, அப்புறம் 250 வெள்ளி பத்து எண்ணுக்கு, 60 வெள்ளி பத்து எண்ணுக்கு. மொத்தம் 6,590. இருக்கிற எண்கள் 10,000. அதாவது எல்லா எண்ணையும் ஒவ்வொரு வெள்ளிக்கு வாங்கினாலும் 10,000 போட்டு 6,590 எடுப்பீர்கள். ‘சிறியது’ இன்னும் கம்மி, 3,000, 2,000, 800, அவ்வளவுதான், மொத்தம் 5,800. அப்பா தாளை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “அப்ப பெரியதே வாங்குறேன்” என்றார். இதற்குமேல் நான் என்ன சொல்ல.

புதன்கிழமைக் குலுக்கலுக்கு இரண்டு வெள்ளிக்குச் சீட்டு என்று பேசி வைத்திருக்கிறோம். அது எனக்குச் சம்மதம்தான், சூதாட்டம் என்றாலே விஷம் என்று நினைக்கிறவள் இல்லை நான். தீபாவளி இரவில் வீட்டில் சொந்தக்காரர்களோடு சில்லறைக்குச் சீட்டு ஆடுவதையும் 2022-இல் வந்த சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் அனுமதிக்கிறது, யாரும் அதில் கமிஷன் எடுக்காத வரை. ஆனால் அதே ஆட்டத்தை வாட்ஸ்அப் குழுவிலோ செயலியிலோ ஆடினால் அந்த அனுமதி செல்லாது. லைசென்ஸ் இல்லாத இணையதளத்தில் ஆடினால் 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தடை வாங்கியவர்கள் முதலில் போய் விழுவது இங்கேதான், போனில் புதிதாக என்ன செயலி வந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

மலேசியாவில் சூதாட்டக்கூடம் இருக்கும் கெந்திங் மலைக்கு சிங்கப்பூரிலிருந்தே பஸ் இருக்கிறது. இங்கிருந்து புறப்படும் உல்லாசக் கப்பல்களிலும் சூதாட்ட அறை உண்டு. நம் தடையாணை அங்கே செல்லாது. ‘நண்பர்களோடு மூன்று நாள் ஓய்வு’ என்றால் எந்த நண்பர்கள் என்று கேட்பதில் தப்பில்லை.

வொர்க் பர்மிட்டில் இருக்கும் தம்பிகளுக்கு

உங்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. வெளிநாட்டுக்காரர் என்பதால் அட்டையைக் காட்டினால் உள்ளே. மாதம் 800, 900 வெள்ளி வாங்குகிறவருக்கு அந்த 150 வெள்ளித் தடுப்பு இல்லாமல் போவது எனக்கு எப்போதுமே விளங்காத விஷயம். ஏஜெண்டுக்குக் கட்டிய கடனை சீக்கிரம் அடைக்கலாம் என்ற கணக்கில்தான் பலர் முதல் தடவை போகிறார்கள். தமிழ்நாட்டில் 2003-லிருந்து லாட்டரியே கிடையாது. அங்கிருந்து வந்து தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் சட்டப்படி நடக்கும் லாட்டரிக் கவுண்டரில் வரிசை நிற்பதைப் பார்க்கும்போது, அரசாங்கமே நடத்துகிறது, பயமில்லை என்று தோன்றிவிடுகிறது.

குடும்பம் ஊரில் இருப்பதால் உங்களுக்காக இங்கே ஓடியாடி விண்ணப்பிக்க ஆள் இருக்காது. ஆகவே தானே போட்டுக்கொள்ளும் தடைதான் வழி, சிங்பாஸ் மூலம் நீங்களும் செய்யலாம். வந்திறங்கிய முதல் மாதமே போட்டுவிடுங்கள், ஒருமுறைகூடப் போனதில்லை என்றாலும் பரவாயில்லை. கங்காணியோ சூப்பர்வைசரோ சொன்னார் என்று படிக்காமல் அழுத்த வேண்டாம். ஓராண்டுக்கு எடுக்க முடியாது என்பதைத் தெரிந்து அழுத்துங்கள். சம்பள நாளில் முதலில் ஊருக்கு அனுப்பிவிட்டு, மீதியில் சாப்பாட்டையும் போன் கார்டையும் பாருங்கள். சம்பளச் சீட்டு கையில் வந்த அன்றே அனுப்புகிறவரிடம் ஞாயிற்றுக்கிழமை கடன் கேட்கும் பழக்கம் வந்து நான் பார்த்ததில்லை.

கடைசியாக இரண்டு கேள்விகள்

‘தடை வாங்கியவர் எப்படியோ உள்ளே போய் ஜெயித்துவிட்டால்?’ என்று ஒரு பையன் கேட்டான். வாசலிலேயே அட்டையைச் சரிபார்ப்பார்கள், தடை உள்ளவரை விட்டால் கூடம்தான் ஆணையத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அப்படியும் புகுந்து ஜெயித்தால் அந்தப் பணம் பறிமுதலாகும். தோற்றால் தோற்றதுதான்.

இன்னொன்று அம்மா கேட்டது. “புதன்கிழமை மழையா இருந்தா நான் போய் அவருக்கு சீட்டு வாங்கிட்டு வரட்டுமா?” வேண்டாம் என்றேன். நனைந்துகொண்டு போகத் தோன்றினால் அவரே போகட்டும்.